படவீட்டில் சூடம் கூடாது

பிச்சையம்மாளுக்கு அந்தப் பெயரை வைத்ததே சாவை ஏமாற்றத்தான். அவளுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நான்காவதாக வந்தவளைப் பெற்றவர்கள் லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு முறம் தவிட்டுக்கு விற்று, மறுநாள் அவளிடமே பிச்சையாகக் கேட்டு வாங்கி வந்தார்கள். இது கேட்பாரற்ற பிள்ளை, இதை எடுத்து என்ன ஆகப்போகிறது என்று சாவு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுமாம். போய்த்தான் விட்டது. பிச்சையம்மாள் பினாங்குப் பக்கம் பீடோங்கை அடுத்த ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, பால்வெட்டு பழகி, பதினேழு வயதில் அய்யாவு என்கிற பால்வெட்டுக்காரனுக்கு வாக்கப்பட்டாள். கூடவே, தோட்டத்திலேயே நாக்கு நீளமானவள் என்ற பெயரையும் எடுத்தாள். அவள் வெட்டுகிற பக்கம் வரவேண்டியிருந்தால் கங்காணியே தூரத்திலிருந்து செருமிவிட்டுத்தான் வருவார்.

அப்பேர்ப்பட்டவள் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்த காலம் ஒன்று உண்டு. ஒரு வருஷத்துக்கு மேல். அவள் வாழ்க்கையில் சொல்லத்தக்க காரியம் அது ஒன்றுதான் என்பேன்.

ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருஷம் கழித்து, ஆனி மாதத்தில் தோட்டத்துக்கு லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்றே மாத வேலை, அரிசி கிடைக்கும் என்றார்கள். வர மாட்டேன் என்றவர்களையும் துப்பாக்கிக் கட்டையால் தட்டி ஏற்றினார்கள். நாற்பது ஆம்பிளைகள். அதில் அய்யாவு போனான். பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளியின் புருஷன் முருகையா போனான். மருதம்மாளின் ஒரே மகன் சின்னையா, மீசைகூடச் சரியாக முளைக்காதவன், அவனும் போனான். மரங்களுக்கு நம்பர் எழுதுகிற இருளப்பனும் போனான்.

பெண்கள் பீடோங் ஸ்டேஷன் வரைக்கும் ஓடினார்கள். சரக்கு ஏற்றுகிற பெட்டிகளில் ஆட்களை அடைத்துக் கதவை இழுத்திருந்தார்கள். கதவு இடுக்கில் பிச்சையம்மாளுக்குத் தெரிந்தது அய்யாவின் இடப்புருவம் மட்டும்தான். முன்பு ஒருநாள் மரக்கிளை விழுந்து அந்தப் புருவம் நடுவில் பிளந்து, தழும்பாகி, இரண்டு துண்டாக நிற்கும். ரயில் நகரும்போது அந்த இரண்டு துண்டும் அவளைப் பார்த்து ஒருமுறை ஏறி இறங்கின. அழக்கூட விடாமல் இப்படிக் கேலி பண்ணிவிட்டுப் போகிறாரே என்று அவளுக்குக் கோபம்தான் வந்தது.

மூன்று மாதம் ஆறு மாதமானது. ஒரு கடுதாசி இல்லை. தோட்டத்தில் ரப்பரை வாங்க ஆளில்லை. பால் ஸ்டோர் பூட்டிக் கிடந்தது. ரப்பர் சீட்டைத் தொங்கவிட்டுப் புகைபோடும் புகைவீடும் அப்படியே. மூங்கில் கம்புகளைக்கூட விறகுக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சன்னலே இல்லாத உயரமான கல்கட்டடம் அது. இருபது வருஷத்துப் புகை அதன் சுவர்களில் தார் பூசினதுபோலப் படிந்திருந்தது. கூரையின் உச்சியில் புகை போவதற்கு ஒரு சந்து. உச்சி வெயில் நேரத்தில் அதன் வழியாக ஒரு முழ அகலத்துக்கு வெளிச்சம் இறங்கும். அவ்வளவுதான்.

அந்தப் புகைவீட்டுக்குள்தான் ஒரு மத்தியானம், சுள்ளி பொறுக்கப்போன மருதம்மாள் இருளப்பனைக் கண்டாள். முழங்காலுக்குக் கீழே பெரிய புண். உடம்பில் சாக்குத்துணி. பேச வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. சயாமிலிருந்து தப்பி, இரண்டு மாதம் ராத்திரியில் நடந்து பகலில் பதுங்கி வந்திருக்கிறான் என்பது எல்லோருக்கும் பிறகுதான் தெரிந்தது. மருதம்மாள் அப்போது அவன் புண்ணைப் பார்க்கவில்லை, பசியைக் கேட்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"எம்மவன பாத்தியா? சின்னையாவ பாத்தியாடா?"

இருளப்பன் சுவரோரம் கிடந்த துருப்பிடித்த பால்வெட்டுக் கத்தியை எடுத்தான். கரிபடிந்த சுவரைக் கீறத் தொடங்கினான். கரி உதிர்ந்த இடத்தில் உள்ளே இருந்த சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. கோடு கோடாக ஒரு முகம் வந்தது. கடைசியில் கண்களைத் திறந்துவிட்டான். சின்னையா.

இருளப்பன் கை அப்படிப்பட்ட கை. சண்டைக்கு முன்னால் பினாங்கில் ஓர் அச்சுக்கூடத்துக்குத் தோட்டத்திலிருந்தே படம் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தவன் அவன். பாட்டுப் புத்தக அட்டைகளின் ஓரத்தில் 'இருள்' என்று சின்னதாக எழுதியிருக்கும். தோட்டத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மரத்துக்கு நம்பர் போடுகிறவன் நம்பரை ஒழுங்காகப் போட்டால் போதாதா என்பார்கள்.

மருதம்மாள் படத்தைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்து, அழுது, சுவரைத் தடவி, லயத்துக்கு ஓடி வந்து புஷ்பவள்ளியின் காதில் சொன்னாள்: "இருளப்பன் எம்மவன பாத்திருக்கான்டி! உசுரோட இருக்கான்!"

அதற்குப் பிறகு பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். ஆளைப் பார்த்தாயா என்று கேட்பார்கள். இருளப்பன் பேச மாட்டான், கீறுவான். முகம் வந்தால் ஆள் இருக்கிறான். இப்படித்தான் அவர்களுக்குள் அர்த்தமாயிற்று. ஜப்பான்காரனுக்கும் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிக்கும் தெரியாமல் ஒளித்து வைத்து, ஆளுக்கொரு மரவள்ளிக்கிழங்காகக் கொண்டுபோய் அவனுக்குக் கொடுத்தார்கள். நாலைந்து மாதத்தில் மூன்று சுவர் நிறைந்துவிட்டது. கரங்கான் தோட்டத்திலிருந்துகூட இரண்டு பெண்கள் நடந்தே வந்து, தங்கள் ஆட்களின் முகம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். புகைவீடு என்ற பெயர் போய், படவீடு என்றாகிவிட்டது.

மருதம்மாள் அதற்குத் தானே காவல்காரியானாள். வாசலில் விளக்குமாறும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். படத்தைத் தொடக்கூடாது. அழக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பூப் போடக்கூடாது, விளக்கு வைக்கக்கூடாது, சூடம் காட்டவே கூடாது. ஒருநாள் புஷ்பவள்ளி ஆசையாக ஒரு செம்பருத்தியை முருகையாவின் முகத்துக்கு மேலே செருகப்போனாள். மருதம்மாள் கையைத் தட்டிவிட்டாள்.

"அறிவிருக்கா ஒனக்கு? உசுரோட இருக்கற ஆம்பள படத்துக்குப் பூ வைப்பாளா ஒருத்தி? செத்தவனுக்குத்தான்டி அதெல்லாம்."

மூலையில் சுருண்டு கிடந்த இருளப்பன் அப்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

பிச்சையம்மாளும் தினம் போனாள். அந்த இடம் அவளுக்குப் பிடிக்கவில்லை. வெளியே காய்கிற வெயிலில் இருந்து உள்ளே நுழைந்தால் முதலில் ஒன்றும் தெரியாது. பழைய புகைவாடை மூக்கில் ஏறும். பிறகு கண் பழகப் பழக, கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையாக ஒவ்வொரு முகமாக வெளியே வரும். எல்லா முகத்திலும் கண்கள்தான் பெரிதாக இருந்தன. எங்கே போய் நின்றாலும் பின்னாலேயே வந்தன. மழை நாட்களில் அந்தச் சுவர் வேர்க்கும். கறுப்பு நீர் சொட்டுச் சொட்டாக நெற்றிகளில் இறங்கும். கூரைச் சந்து வெளிச்சம் மெதுவாக நகர்ந்து ஒவ்வொரு முகத்தின்மேலும் ஏறி இறங்கும்போது, அவை மூச்சுவிடுவதுபோல இருக்கும். முருகையாவுக்குத் தாடி இருந்தது. அவன் தினம் சவரம் செய்கிற ஆள். சின்னையாவின் கன்னம் கிழவன் கன்னமாக ஒட்டியிருந்தது. "அங்க சவரம் பண்ண ஆள் ஏது?" என்று பெண்கள் தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். திரும்பி வந்தவுடன் ஆக்கிப்போட்டால் கன்னம் வந்துவிடும் என்றார்கள்.

அய்யாவின் முகம் மட்டும் வரவில்லை.

இருளப்பன் எல்லா வீட்டு ஆட்களையும் லயத்து வரிசைப்படியே கீறியிருந்தான். மூன்றாவது லயம் வந்தபோது முருகையாவுக்குப் பக்கத்தில், அய்யாவின் முகம் வரவேண்டிய இடத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். இத்தனை வெள்ளை முகங்களுக்கு நடுவில் ஒரு முறம் அளவுக்குக் கறுப்பு. பார்ப்பவர்கள் அந்த இடம் வந்தால் வேகமாக நடந்தார்கள். அங்கே நின்றால் குளிர் அடிக்கிறது என்று புஷ்பவள்ளி சொன்னாள். உள்ளே யாரோ நின்றுகொண்டு வெளியே வர வழி கேட்கிற மாதிரி இருக்கிறது என்று இன்னொருத்தி சொன்னாள்.

பிச்சையம்மாள் கேட்டுப் பார்த்தாள். கிழங்கு கொண்டுபோய் வைத்துக் கேட்டாள். திட்டிக் கேட்டாள். இதற்குள் இருளப்பனுக்குக் குரல் திரும்பியிருந்தது. ஆனாலும் தலையை மட்டும் ஆட்டினான்.

லயத்தில் பேச்சு மெல்ல மாறியது. அவள் வந்தால் குரல் தாழ்ந்தது. புஷ்பவள்ளியின் மகள் பெரிய மனுஷியானாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றச் சுமங்கலிகளைக் கூப்பிட்டபோது பிச்சையம்மாள் வழக்கம்போல முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் போனாள். சொம்பு அவள் கைக்கு வரவில்லை. அவளைத் தாண்டி அடுத்தவள் கைக்குப் போனது. புஷ்பவள்ளி நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பத்து வருஷம் ஒரே சுவருக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் குடியிருந்தவள், அப்படிச் செய்தாள்.

மறுநாள் மருதம்மாளும் புஷ்பவள்ளியும் சேர்ந்து வந்தார்கள். கெட்ட எண்ணத்தோடு வரவில்லை, அதுதான் பிச்சையம்மாளைக் கூடுதலாகச் சுட்டது.

"இங்க பாரு பிச்ச," என்று மருதம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வருசம் ஒண்ணு ஆகப்போவுது. அவன் கண்ணுல படாத ஆளு ஒம் புருசன் மட்டுந்தான். நீ இப்பிடி மஞ்சளும் பொட்டுமா திரிஞ்சா, போன உசுரு தண்ணி இல்லாம அலையும்மா. அந்தக் கறுப்பு எடத்துலதான் வந்து நிக்குதுன்னு எல்லாம் பயந்து சாவறாளுங்க. வர்ற அமாவாசைக்குக் காரியத்த பண்ணிடுவோம்."

"அக்கா, நாங்கல்லாம் இருக்கோம்," என்றாள் புஷ்பவள்ளி. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

பிச்சையம்மாள் வாய் திறந்து ஆரம்பித்தாள் என்றால் இருவரும் லயத்து வாசல் தாண்டித்தான் நின்றிருப்பார்கள். ஆனால் அவள் எழுந்து நேராகப் படவீட்டுக்கு நடந்தாள். உச்சிப்பொழுது. காவலுக்கு ஆளில்லை. கால்கூடக் கழுவவில்லை. மூலையில் கிடந்த கத்தியை எடுத்து இருளப்பன் கையில் திணித்தாள்.

"கீறு."

"வேணாம்க்கா."

"ஏழு வருசம் ஒரே பால் ஸ்டோருக்கு வந்த ஆளு. அவர் மூஞ்சி மட்டும் மறந்து போச்சா ஒனக்கு? ஏதாச்சும் சண்டன்னா சொல்லு, கால்ல விழறேன். இல்ல, செத்துட்டாருன்னா அதையாச்சும் சொல்லித் தொலை. அமாவாசைக்குத் தாலிய அறுக்கறேன்னு நிக்கறாளுங்க. என்னா பாவம் பண்ணேன் நானு?"

"மறக்கலக்கா." இருளப்பன் கத்தியைக் கீழே வைத்தான். குரல் மண்ணுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "அங்க எனக்கு என்னா வேலன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. ரோடு போடல, கல்லு ஒடைக்கல. காச்சல்ல போனவங்கள தூக்கிக்கிட்டுப் போயி குழியில எறக்கறதுதான் வேல. எறக்கறதுக்கு முந்தி கண்ண மூடி விடுவேன். அது ஒண்ணுதான் என்னால முடிஞ்சது. அங்க மூடி விட்ட கண்ணத்தான் இங்க தொறந்து வைக்கறேன்."

பிச்சையம்மாள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். வெளிச்சம் அப்போது முருகையாவின் தாடிமேல் இருந்தது.

"எல்லாருமா?"

"செவுத்துல இருக்கற எல்லாரும்."

"அப்ப அவரு?"

"நான் ஓடி வர்றதுக்கு ஒரு வாரம் முந்தி அண்ணன மேல் கேம்புக்குக் கொண்டு போனாங்க. நடந்துதான் போனாரு. அவர் கண்ண நான் மூடல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"பாவி, மருதம்மா அத்தகிட்ட இத ஏன்டா சொல்லல?"

"சொல்லத்தான்க்கா கீறினேன்," என்றான் இருளப்பன். "அத்த சிரிச்சாங்க."

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். அதை ஒளிப்பானேன்? அத்தனை செத்த முகங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு, என் ஆள் இதில் இல்லை, என் ஆள் இதில் இல்லை என்று அவள் நெஞ்சு குதித்தது. குதித்த மறுகணமே வெட்கமாக இருந்தது. அத்தனை கண்களும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. வாசல் வெளிச்சத்துக்கு வந்த பிறகும் முதுகில் அவை ஒட்டிக்கொண்டு வருவதுபோல இருந்தது. குழாயடியில் போய்ப் புடவையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டாள்.

சொல்லிவிடுவது என்றுதான் முதலில் மருதம்மாள் வீட்டுக்குப் போனாள். மருதம்மாள் உள்ளே ஒரு சாக்குத்துணியைத் தைத்துக்கொண்டிருந்தாள். உடுத்தத் துணி கிடைக்காத காலம். தனக்கென்று வைத்திருந்த ஒரே சேலையைக் கிழித்து மகனுக்கு இரண்டு சட்டையாக்கி மடித்து வைத்துவிட்டு, தனக்குச் சாக்கு. "அங்கேருந்து வர்றப்ப உடுத்த ஒண்ணும் இருக்காதுல்ல பிச்ச," என்றாள். பிச்சையம்மாள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

புஷ்பவள்ளி வீட்டுக்குப் போனாள். அங்கே மகளை உட்காரவைத்து, அப்பா வந்ததும் சீர் எப்படிச் செய்வார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிச்சையம்மாள் வாசலோடு திரும்பினாள். இப்படியே முப்பத்தெட்டு முகம், முப்பத்தெட்டு வீடு. ஒரு வார்த்தையில் அத்தனை பேர் நெற்றியையும் அழித்துவிடலாம். அந்த நீளமான நாக்கு அன்றைக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அமாவாசைக்கு முந்தின நாள் முழுக்க அவள் யோசித்தாள். அப்போதுதான் தன்னைத் தவிட்டுக்கு விற்ற கதை நினைவுக்கு வந்தது. வேண்டாத பிள்ளை என்று ஊருக்குக் காட்டித்தானே தன்னைக் காப்பாற்றினார்கள்? மேல் கேம்பில் எங்கோ கிடக்கிற மனுஷனையும் அப்படியே விற்றுவிட்டால் என்ன? இங்கே ஊர் கூடி அழுது, சோறு படைத்து, காரியம் முடித்துவிட்டால், அங்கே அவரைத் தேடி வருகிற சாவு, இந்த வீட்டுக் காரியம்தான் முடிந்துவிட்டதே என்று அடுத்த ஆளிடம் போய்விடாதா? பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த வருஷத்தில் புத்தியுள்ளவர்கள் யாருக்கு என்ன கிடைத்தது?

அமாவாசையன்று ஆற்றங்கரையில் காரியம் நடந்தது. தாலியில் தங்கம் எப்போதோ அரிசியாகிப் போயிருந்தது. கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டுதான் தொங்கியது. வெள்ளைச் சேலைக்கும் வழியில்லை, கட்டியிருந்த பழைய சேலையின் கரையைக் கிழித்தெடுத்தார்கள். புருஷன் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்த பெண்கள் ஒதுங்கி நின்று அவளுக்காக உருகி உருகி அழுதார்கள். பிச்சையம்மாள் அவர்களைப் பார்த்துத்தான் அழுதாள். எங்கிருந்தோ தேடிப் பிடித்த கட்டிச் சூடம் ஒன்றை மருதம்மாள் அவள் கையில் வைத்தாள். அவள் அதை ஏற்றவில்லை, சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். துக்கத்தில் மறந்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். சாவை ஏமாற்றுவதற்கும் ஓர் எல்லை உண்டல்லவா? சூடத்தை ஏற்றிவிட்டால் விளையாட்டு வினையாகிவிடும் என்று அவளுக்குப் பயம்.

அதற்குப் பிறகும் அவள் தினம் படவீட்டுக்குப் போனாள். இப்போது போனது வேறு காரியத்துக்கு. அந்தக் கறுப்பு இடம் கறுப்பாகவே இருக்கிறதா என்று பார்க்க. இருளப்பன் தூக்கிப்போட்ட பக்கத்துத் தோட்டத்து ஆட்களில் பலர் அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நினைவுக்கு வந்தார்கள். திடீரென்று எழுந்து போய்க் கீறுவான். கத்தி சுவரில் உரசுகிற கர்ரக் கர்ரக் என்ற அந்தச் சத்தம் லயம் வரைக்கும் கேட்கிறமாதிரி அவளுக்கு இருக்கும். அதைக் கேட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். அவள் அவர்களுக்குப் பின்னால் கடைசி ஆளாகப் போவாள்.

வருஷம் பிறந்து தைப்பூசம் கழிந்த ஒரு மத்தியானம், வெளியிலிருந்தே சத்தம் கேட்டது. உள்ளே போனாள். இருளப்பனுக்குப் புண் முற்றிக் காய்ச்சல் கொதித்தது. கண் சொருகியிருந்தது. ஆனாலும் நின்றுகொண்டிருந்தான். முருகையாவுக்குப் பக்கத்தில், அந்தக் கறுப்பு இடத்துக்கு முன்னால். கை தானாகக் கீறிக்கொண்டிருந்தது. ஒரு புருவம் வந்திருந்தது. இடப்புருவம்.

"டேய்!" அவள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். "யாருடா அது? யார கீறற?"

"தெரியலக்கா," என்றான். "கடைசியா எறக்கின ஆளு. ராத்திரி. மூஞ்சி இப்பத்தான் வருது."

பிச்சையம்மாள் அந்தப் புருவத்தைப் பார்த்தாள். கோட்டின் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அது தழும்பா, கத்தி தாண்டியதா, கரி உதிராமல் நின்ற இடமா என்று தெரியவில்லை. இன்னும் நாலு கோடு கீற விட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவள் விடவில்லை. தரையில் உதிர்ந்து கிடந்த கரியை இரண்டு கையாலும் அள்ளி அதன்மேல் அப்பினாள். கோடு மறையும் வரை தேய்த்தாள். இருளப்பன் அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான்.

மூன்றாம் நாள் அவன் இறந்துபோனான். பெண்களே தூக்கிக்கொண்டு போய் ரப்பர் மரத்தடியில் குழிவெட்டிப் புதைத்தார்கள். அவன் கண்ணைப் பிச்சையம்மாள்தான் மூடினாள். அந்தக் கண்ணைத் திறந்து வைக்க அந்தத் தோட்டத்தில் இனி யாருமில்லை.

அதன் பிறகு எட்டு மாதம், பத்து மாதம் என்று அவள் அந்தப் புருவத்தோடு குடித்தனம் செய்தாள். அடுப்புக்கரியைப் பார்த்தால் புருவம். இரவில் கூரை ஓட்டையில் தெரிகிற நிலாக்கீற்று புருவம். வரவேண்டியவர் வருவார் என்று ஒரு நாள், நானே கரியைப் பூசிக் குழியை மூடிவிட்டேன் என்று மறுநாள். யாரிடம் சொல்வாள்? எந்த வீட்டுக்குப் போனாலும் அவளை உட்காரவைத்து ஆறுதல் சொன்னார்கள்.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான் என்று கிராணி வந்து சொன்னார். தோட்டமே திருவிழாவானது. பெண்கள் படவீட்டைக் கூட்டிப் பெருக்கினார்கள். சயாமிலிருந்து ஆட்களைக் கொண்டு வருகிறார்கள் என்று பீடோங் பாசாரில் பேச்சு. வந்தவர்கள் வேறு தோட்டத்து ஆட்கள். ஒரு மாதம், இரண்டு மாதம்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணி. பிச்சையம்மாள் குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். செம்மண் பாதையில் ஓர் ஆள் வந்தான். வெள்ளைக்காரப் பட்டாளத்துக் கால்சட்டை, தலையில் தொப்பி, தடியை ஊன்றிய நடை. முதலில் பார்த்த பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின. கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன. காரியம் முடித்த ஆள் பட்டப்பகலில் நடந்து வந்தால் யாருக்குத்தான் குலை நடுங்காது? மருதம்மாள் மட்டும் விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு, அவன் கால் மண்ணில் பாவுகிறதா என்று குனிந்து பார்த்தாள்.

பிச்சையம்மாள் எழுந்து போய் அவன் தொப்பியைத் தூக்கினாள். இடப்புருவத்தை விரலால் தடவினாள். இரண்டு துண்டு. அவை ஒருமுறை ஏறி இறங்கின.

"என்னா பிச்ச, பொட்டெல்லாம் காணோம்?" என்றான் அய்யாவு.

அவள் அவன் நெஞ்சில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அவள் அழுகை ஓய்வதற்குள் லயமே கூடிவிட்டது. முதலில் ஒரு கதவு திறந்தது, பிறகு எல்லாம். புஷ்பவள்ளிதான் முதலில் கத்தினாள். "கீறாத ஆளே வந்துட்டாரு! அடியே, கீறாத ஆளே உசுரோட வந்துட்டாருன்னா, கீறின ஆளுங்க வராம எங்க போயிடுவாங்க?" அந்தச் சொல் தீப்போலப் பரவியது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு சிரித்தார்கள். பிச்சையம்மாளின் நெற்றியில் யாரோ குங்குமம் அப்பினார்கள். அவள் அவர்கள் முகங்களைப் பார்த்தாள். தன் புருஷன் திரும்பி வந்த நாளில் ஒரு பெண்ணுக்கு அப்படி வயிறு எரியக்கூடாது, ஆனால் எரிந்தது.

"அண்ணனுக்குப் படத்த காட்டுங்க! யார் யார எங்க பாத்தாருன்னு சொல்லட்டும்!"

"அவரு ஒரு வாய் தண்ணி குடிக்கட்டும்," என்றாள் பிச்சையம்மாள். "நாளைக்குக் காட்டலாம். ஏங்க, உள்ள வாங்க, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." யார் காதிலும் விழவில்லை. அவனைக் கைத்தாங்கலாக இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் பின்னால் ஓடினாள்.

வாசலில் மருதம்மாள் தானே அவன் காலுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அய்யாவு உள்ளே போய் நின்றான். கண் பழகக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு கறுப்புக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கூரைச் சந்து வெளிச்சம் நேராக விழுந்துகொண்டிருந்தது. அவன் சின்னையாவைப் பார்த்தான். முருகையாவைப் பார்த்தான். வரிசையாக நடந்தான். பெண்கள் பின்னாலேயே நடந்தார்கள். கடைசிச் சுவர் வரை போய்த் திரும்பி வந்து, நடுவில் நின்று, தொப்பியைக் கழற்றினான். தடியைக் கீழே வைத்தான்.

"இருளப்பன் கீறினதா?" என்று கேட்டான். "ஒருத்தனையும் விடாம கீறியிருக்கானே." இரண்டு கையையும் கூப்பினான். பிறகு பிச்சையம்மாளைத் திரும்பிப் பார்த்தான். "சூடம் இருக்கா, பிச்ச?"

"இங்க சூடம் கூடாதுண்ணே," என்று புஷ்பவள்ளி சொன்னாள். கிட்டத்தட்ட இரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது.

அய்யாவு அவளைப் புரியாமல் பார்த்தான். "ஏன்மா?"

வெளியே குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிச்சையம்மாள், அந்த ஆற்றங்கரைச் சூடம் கரைந்து மிளகளவாகக் கிடக்கும் முந்தி முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையைக் குனிந்திருந்தாள். அவளை முதலில் பார்த்தது மருதம்மாள்தான். பார்வை அந்த முடிச்சுக்கு இறங்கியது. விளக்குமாற்றைக் கீழே போட்டாள். கையைச் சாக்குத்துணியில் துடைத்துக்கொண்டு, பிச்சையம்மாளுக்கு முன்னால் வந்து, சூடத்துக்காகக் கையை நீட்டினாள்.